மாத்திரையும் சான்றிதழும்: கிழக்கு ஜெர்மனியின் நீச்சல் வீராங்கனைகளும் புதுக்கோட்டை சாந்தியும்

ஆய்வுச் சுருக்கம்

1970, 1980களில் கிழக்கு ஜெர்மனி அரசு, சிறுமியர் உட்படத் தன் வீராங்கனைகளுக்கு ஆண்மை ஹார்மோன் தன்மையுடைய மருந்துகளை இரகசியமாகக் கொடுத்து, பெண்கள் நீச்சலில் பதக்கங்களைக் குவித்தது. அதே காலத்தில் பன்னாட்டு விளையாட்டு அமைப்புகள் பெண்கள் பிரிவைக் காப்பதற்கென நடத்திய பாலினச் சோதனை, அவ்வீராங்கனைகளுள் எவரையும் தடுக்கவில்லை. மாறாக, எம்மருந்தும் உட்கொள்ளாத, பிறவியிலேயே உடலமைப்பில் வேறுபாடு கொண்ட பெண்களையே அது வெளியேற்றியது. அச்சோதனை மரபின் தொடர்ச்சியில் 2006ஆம் ஆண்டு பதக்கம் இழந்தவர் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன். இவ்விரு வரலாறுகளையும் இணைத்து நோக்கும் இக்கட்டுரை, பெண்ணுடல் மீதான அதிகாரம் யார் கையில் இருந்தது, அதன் விலையைக் கொடுத்தவர் யார் என்னும் வினாக்களை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஊக்கமருந்து, பாலினச் சோதனை, கிழக்கு ஜெர்மனி, பெண்கள் நீச்சல், சாந்தி சௌந்தரராஜன், புதுக்கோட்டை, விளையாட்டு வரலாறு.

முன்னுரை

விளையாட்டு வரலாறு தமிழில் பெரும்பாலும் வெற்றியாளர் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பதக்கம் பெற்றோர் பட்டியல், சாதனை நேரம், பாராட்டு விழா என்பவற்றோடு அது நின்றுவிடுகிறது. பதக்கம் பறிக்கப்பட்டவர் குறித்த எழுத்தோ செய்தித்தாளின் இரக்கச் செய்தியாகச் சுருங்கிவிடுகிறது. சாந்தி சௌந்தரராஜன் குறித்த தமிழ் எழுத்துகளில் பெரும்பான்மையும் இவ்வகையைச் சார்ந்தவையே. அவருக்கு நேர்ந்ததைத் தனியொருவரின் அவலமாக அவை காண்கின்றன. ஒரு நெடிய நிறுவன வரலாற்றின் விளைவாகக் காண்பதில்லை.

அந்நிறுவன வரலாற்றின் ஒரு முனை, பனிப்போர்க் காலக் கிழக்கு ஜெர்மனியின் நீச்சல் குளங்களில் இருக்கிறது. செயற்கை ஹார்மோன் செலுத்தப்பட்ட பெண்கள் பெண்களாக ஏற்கப்பட்டுப் பதக்கம் பெற்றனர். இயற்கையாக அமைந்த உடலோடு ஓடிய பெண்கள் பெண்களல்லர் எனப் பதக்கம் இழந்தனர். இம்முரணைப் புரிந்துகொள்ள இரண்டையும் அருகருகே வைத்துக் காண்பது தேவையாகிறது.

1. திட்டமாக்கப்பட்ட மருந்து

1972ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்கில் கிழக்கு ஜெர்மனியின் பெண் நீச்சல் அணி ஒரு தங்கமும் பெறவில்லை. அடுத்த ஆண்டே பெல்கிரேடில் நடைபெற்ற முதல் உலக நீச்சல் போட்டியில், பெண்களுக்கான 14 போட்டிகளுள் 10இல் அவ்வணி வென்றது. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் 13 தங்கங்களுள் 11 அதற்கே கிடைத்தன. 1980 மாஸ்கோவிலும் அதே எண்ணிக்கை. ஏறத்தாழ ஒன்றே முக்கால் கோடி மக்கள் வாழ்ந்த ஒரு சிறிய நாட்டின் இவ்வெற்றி, பயிற்சியின் சிறப்பால் மட்டும் விளைந்ததன்று.

1974 அக்டோபரில் ஆளுங்கட்சியின் தலைமை, ஊக்கமருந்துப் பயன்பாட்டை அரசின் அறிவியல் திட்டங்களுள் ஒன்றாக வகுத்தது. ‘அரசுத் திட்டப் பொருள் 14.25’ என்பது அதன் மறைபெயர். அதற்கு முன்னரே நடைபெற்றுவந்த மருந்துப் பயன்பாடு இம்முடிவினால் மையப்படுத்தப்பட்டது. விளையாட்டுத் துறைத் தலைவர் மான்ஃபிரெட் எவால்ட், விளையாட்டு மருத்துவப் பணியின் துணைத்தலைவர் மருத்துவர் மான்ஃபிரெட் ஹோப்னர் ஆகியோர் அதனை வழிநடத்தினர். யேனா நகரிலிருந்த அரசு நிறுவனமான யெனாஃபார்ம் ‘ஓரல்-டூரினபோல்’ என்னும் மாத்திரையைத் தயாரித்தது. லைப்சிக் நகரின் ஆய்வு நிறுவனம் அளவையும் காலத்தையும் வகுத்தது. ஏறத்தாழ 10,000 வீரர், வீராங்கனைகள் இத்திட்டத்திற்கு உட்படுத்தப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது.

பெண்கள் நீச்சல் இத்திட்டத்தில் முதன்மை இடம் பெற்றதற்குக் காரணங்கள் உண்டு. பெண்ணுடலில் டெஸ்டோஸ்டிரோன் இயல்பாகவே மிகக் குறைவு. ஆதலால் சிறிதளவு மருந்தும் பெரும் விளைவைத் தரும். தசை வளர்வதோடு, கடும் பயிற்சிக்குப்பின் உடல் மீளும் காலமும் குறையும். அதனால் பயிற்சியின் அளவை மேலும் கூட்டலாம். நீச்சலில் ஒருவரே பல பதக்கங்கள் வெல்ல வாய்ப்புண்டு. மேலும், பெண்கள் பதின்பருவத்திலேயே உச்சத்தை எட்டும் விளையாட்டு அது. விளையாட்டு விடுதிப் பள்ளிகளில் பெற்றோரைப் பிரிந்து வாழ்ந்த 13, 14 வயதுச் சிறுமியர், பயிற்சியாளர் நீட்டிய மாத்திரையை உயிர்ச்சத்து என்றே நம்பி விழுங்கினர்.

அனபாலிக் ஸ்டீராய்டுகளுக்கான சோதனை ஒலிம்பிக்கில் முதன்முதலாக 1976இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதனை எதிர்கொள்ளவும் அரசு ஆயத்தமாக இருந்தது. போட்டிக்கு முன் உரிய காலத்தில் மாத்திரை நிறுத்தப்பட்டது. 1977இல் குண்டு எறிதல் வீராங்கனை இலோனா ஸ்லூபியானெக் ஹெல்சிங்கியில் பிடிபட்டபின், வெளிநாடு செல்வோர் அனைவரையும் முன்கூட்டியே சோதிக்கும் முறை இறுக்கமாக்கப்பட்டது. அச்சோதனை நடைபெற்ற கிரைஷா ஆய்வகம் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் ஏற்பைப் பெற்றிருந்ததாகும். பிடிக்க வேண்டிய ஆய்வகமே பிடிபடாதிருக்க உதவியது.

2. உடலில் எஞ்சியவை

மாண்ட்ரியலில் கிழக்கு ஜெர்மனி வீராங்கனைகளின் தடித்த குரல் குறித்து வினவப்பட்டபோது, அவர்கள் பாட வரவில்லை, நீந்தவே வந்துள்ளனர் என்னும் பொருளில் அணித்தரப்பு விடையளித்தது பரவலாக அறியப்பட்ட செய்தி. அவ்விடை ஓர் உண்மையை ஒப்புக்கொண்டது. குரல் மாறியிருந்தது, மாறிய குரல் மருந்தை நிறுத்தியபின்னும் மீளாது.

மருந்தின் விளைவுகள் குரலோடு நிற்கவில்லை. உடலில் மிகுரோமம், மாதவிடாய்க் கோளாறு, சூலகக் கட்டி, கருச்சிதைவு, கல்லீரல் சிதைவு, இதய நோய், மனச்சோர்வு ஆகியவை பின்னாளில் பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களில் திரும்பத் திரும்ப இடம்பெற்றன. மாஸ்கோவில் 15 வயதில் மூன்று தங்கம் வென்ற ரிக்கா ரைனிஷ், சூலக நோயால் விரைவிலேயே நீச்சலைக் கைவிட நேர்ந்தது. அதே ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்ற கிறிஸ்டியானே க்னாக்கே, பின்னாளில் தம் பதக்கத்தைத் திருப்பியளிக்க முன்வந்தார். பெட்ரா ஷ்னைடர் தம் சாதனை மருந்தின் துணையால் விளைந்தது எனக் கூறி, அதனைப் பதிவேட்டிலிருந்து நீக்கக் கோரினார்.

இவ்வுண்மைகள் வெளிவந்தமைக்கு, அவ்வரசின் ஆவணப் பழக்கமே காரணமாயிற்று. பெர்லின் சுவர் வீழ்ந்தபின், மூலக்கூற்று உயிரியலாளர் வெர்னர் ஃப்ராங்கே பாட் சாரோ இராணுவ மருத்துவ நிறுவனத்திலிருந்து ஆய்வேடுகளை மீட்டார். அவர் மனைவியும் முன்னாள் தட்டு எறிதல் வீராங்கனையுமான பிரிகிட்டே பெரென்டோங்க் 1991இல் அவற்றை நூலாக வெளியிட்டார். எவருக்கு, எந்நாளில், எத்தனை மில்லிகிராம் என்பது வரை அவற்றில் பதிவாகியிருந்தது. உளவுத்துறைக்கு ஹோப்னர் அளித்துவந்த அறிக்கைகளும் சான்றாயின. 2000ஆம் ஆண்டு ஜூலையில் பெர்லின் நீதிமன்றம், உடல் ஊறு விளைவிக்க உடந்தையாயிருந்த குற்றத்திற்காக எவால்டுக்கு 22 மாதமும் ஹோப்னருக்கு 18 மாதமும் சிறைத்தண்டனை விதித்தது. இரண்டும் நிறுத்திவைக்கப்பட்ட தண்டனைகளே. 2002இல் ஜெர்மனி நாடாளுமன்றம் 20 இலட்சம் யூரோ இழப்பீட்டு நிதியை உருவாக்கியது. 2016இல் இரண்டாம் சட்டம் தலா 10,500 யூரோ வழங்க வகைசெய்தது.

3. சோதனை யாரைத் தேடியது?

பெண்கள் பிரிவில் ஆண்கள் புகுந்துவிடுவர் என்னும் ஐயம், பனிப்போர்க் காலத்தில் கிழக்கு ஐரோப்பிய வீராங்கனைகளை நோக்கியே கூர்மையடைந்தது. 1966ஆம் ஆண்டு புடாபெஸ்ட் ஐரோப்பியத் தடகளப் போட்டியில் வீராங்கனைகள் ஆடையின்றி மருத்துவர் குழுவின் முன் நிற்க வைக்கப்பட்டனர். இதற்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக, கண்ணியமான மாற்று எனக் குரோமோசோம் சோதனை புகுத்தப்பட்டது. 1967இல் போலந்தின் ஏவா குவொபுகோவ்ஸ்கா அதில் தோல்வியுற்றதாக அறிவிக்கப்பட்டார். 1968 முதல் ஒலிம்பிக்கில் வீராங்கனைகளின் கன்னத்தின் உட்புறத்திலிருந்து உயிரணு எடுத்துச் சோதித்து, தேறியவர்க்குப் ‘பெண்மைச் சான்றிதழ்’ வழங்கப்பட்டது.

இங்குதான் இக்கட்டுரையின் மையக் கருத்து அமைகிறது. குரோமோசோம் சோதனை வெளியிலிருந்து செலுத்தப்பட்ட ஹார்மோனைக் காணாது. கிழக்கு ஜெர்மனியின் நீச்சல் வீராங்கனைகள் இரு எக்ஸ் குரோமோசோம் உடைய பெண்கள். ஆகவே அவர்கள் சான்றிதழ் பெற்றனர். மறுபுறம், ஒய் குரோமோசோம் இருந்தும் டெஸ்டோஸ்டிரோனைப் பயன்படுத்த இயலாத உடலமைப்புக் கொண்ட பெண்கள் அச்சோதனையில் வீழ்ந்தனர். ஸ்பெயின் நாட்டுத் தடையோட்ட வீராங்கனை மரியா ஹோசே மார்த்தினெஸ் பட்டினோ 1985இல் கோபே நகரில் இவ்வாறே விலக்கப்பட்டார். தம் உடல் அந்த ஹார்மோனுக்கு ஒருசிறிதும் இசைவதில்லை என்பதை மருத்துவச் சான்றோடு நிறுவி, 1988இல் உரிமையை மீட்டார். அதற்குள் அவரது சிறந்த ஆண்டுகள் கழிந்துவிட்டன.

எந்த ஐயத்தைப் போக்கச் சோதனை பிறந்ததோ, அதனை அது போக்கவில்லை. தடகளக் கூட்டமைப்பு 1992இலும் ஒலிம்பிக் குழு 1999இலும் அனைவருக்குமான சோதனையைக் கைவிட்டன. ஆயினும், ஐயம் எழுந்தால் தனியொருவரைச் சோதிக்கும் அதிகாரம் எஞ்சி நின்றது. அந்த எஞ்சிய அதிகாரமே புதுக்கோட்டைப் பெண்ணைத் தொட்டது.

4. கத்தக்குறிச்சியிலிருந்து தோகா வரை

சாந்தி 1981இல் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில் பிறந்தார். செங்கல் சூளையில் கூலி வேலை செய்த தலித் பெற்றோரின் ஐந்து பிள்ளைகளுள் மூத்தவர். ஓட்டத்தை அவருக்கு முதலில் கற்பித்தவர் அவருடைய தாத்தா. பள்ளி, கல்லூரிப் போட்டிகளின் வழியாக வளர்ந்த அவர், 2005இல் தென்கொரியாவின் இஞ்சியானில் நடைபெற்ற ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி பெற்றார். 2006 டிசம்பர் 9 அன்று தோகா ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதே தொலைவை 2 நிமிடம் 3.16 விநாடியில் கடந்து மீண்டும் வெள்ளி வென்றார்.

சில நாள்களுக்குள் அவர் பாலினச் சோதனைக்கு உட்படுத்தப்பட்டு, நாடு திரும்பியபின் பதக்கம் பறிக்கப்பட்டது. எதற்கான சோதனை என்று தமக்கு விளக்கப்படவில்லை என்றும், முடிவைத் தொலைக்காட்சிச் செய்தி வழியாகவே அறிந்ததாகவும் அவர் நேர்காணல்களில் கூறியுள்ளார். அவரது உடல் குறித்து அந்நாளைய ஊடகங்களில் கசிந்த மருத்துவ விவரங்களை இக்கட்டுரை எடுத்தாளவில்லை. அக்கசிவும் அவருக்கு இழைக்கப்பட்ட தீங்கின் பகுதியாதலால், அதனை மீண்டும் அச்சேற்றுவது ஆய்வறத்திற்குப் பொருந்தாது.

இவ்விடத்தில் ஒரு விதி கருதத்தக்கது. அவ்வாண்டில் நடைமுறையிலிருந்த பன்னாட்டுத் தடகளக் கூட்டமைப்பின் கொள்கை, ஆய்வகச் சோதனையை மட்டுமே கொண்டு பாலினத்தைத் தீர்மானிக்கலாகாது என்றது. மகளிர் மருத்துவர், ஹார்மோன் நோய் வல்லுநர், உளவியலாளர் உள்ளிட்ட குழுவின் ஆய்வு வேண்டும் என்றது. பிறவி வேறுபாடுகள் சிலவற்றைப் பெயர் சுட்டி, அவை உடைய பெண்களும் போட்டியிடலாம் என்றும் ஏற்றது. ஒருவரை விலக்குவதற்கு முன் விளக்கமும் ஆலோசனையும் தேவை என்பதே அக்கொள்கையின் உட்கிடை. சாந்தியின் நிகழ்வில் பொதுவெளிக்கு வந்தது பதக்கம் பறிக்கப்பட்ட செய்தியே. காரணங்களை எடுத்துரைக்கும் ஆணையன்று.

தமிழ்நாடு அரசின் நிலைப்பாடு இதனின்று வேறுபட்டது. முதலமைச்சர் மு. கருணாநிதி அவருக்கு 15 இலட்சம் ரூபாய் பரிசும் தொலைக்காட்சிப் பெட்டியும் வழங்கினார். பதக்கம் பறிபோனபின்னும் பாராட்டைத் திரும்பப் பெறாத அச்செயல் குறிப்பிடத்தக்கது. ஆனால் பரிசு ஒருநாள் நிகழ்வு; வாழ்வு அவ்வாறன்று. 2007இல் அவர் உயிரை மாய்த்துக்கொள்ளும் விளிம்புவரை சென்று மீண்டார். பின்னர்ப் புதுக்கோட்டையில் சிறுவர் சிறுமியர்க்கு ஓட்டப் பயிற்சி அளித்தார். நிலையான ஊதியம் அமையவில்லை. 2012இல் அவர் பெற்றோரைப் போலவே செங்கல் சூளையில் நாட்கூலிக்கு உழைப்பது செய்தியானது. அதன்பின்னரே இந்திய விளையாட்டு ஆணையத்தின் பெங்களூரு மையத்தில் பயிற்சியாளர் பட்டயப் படிப்புக்கு இடமும், மயிலாடுதுறையில் பயிற்சியாளர் பணியும் கிடைத்தன. 2016இல் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் நிலையான பணி பெற்றார். தோகாவிலிருந்து அந்தப் பணியாணை வரை பத்து ஆண்டுகள்.

5. ஒரே டிசம்பர்

சாந்தி பதக்கம் இழந்த அதே 2006 டிசம்பரில், ஜெர்மனி ஒலிம்பிக் விளையாட்டுக் கூட்டமைப்பு, கிழக்கு ஜெர்மனியின் மருந்துத் திட்டத்தால் பாதிக்கப்பட்ட 167 பேருக்குத் தலா 9,250 யூரோ வழங்க இசைந்தது. இத்தற்செயல் நிகழ்வு, இரு வரலாறுகளின் வேறுபாட்டைத் தெளிவாக்குகிறது.

முதலாவது, பதக்கத்தின் நிலை. கிழக்கு ஜெர்மனியின் மருந்துத் திட்டம் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டது. எனினும் மாண்ட்ரியல், மாஸ்கோ முடிவுகள் இன்றும் மாறாமல் உள்ளன. 1998இல் எழுந்த திருத்தக் கோரிக்கையைப் பன்னாட்டு ஒலிம்பிக் குழு ஏற்கவில்லை. சாந்தியின் மீது மருந்துக் குற்றச்சாட்டே இல்லை. அவருடைய பதக்கமோ சில நாள்களில் பறிக்கப்பட்டது. வரலாற்றைத் திருத்த இயலாது என்னும் நெறி வலியோர்க்கு மட்டும் பொருந்துவதாயிற்று. இதனால் அந்நீச்சல் வீராங்கனைகளின் பதக்கங்களைப் பறிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதமன்று, அவர்களும் பாதிக்கப்பட்டவர்களே.

இரண்டாவது, ஆவணம். கொடுமை இழைத்த அரசு குறிப்பேடு எழுதி வைத்ததால் அச்சிறுமியர்க்குப் பின்னாளில் சான்று கிட்டியது. வழக்கும் இழப்பீடும் அதன்மேல் எழுந்தன. சாந்திக்கோ எதிர்த்து வாதிடத்தக்க ஓர் ஆணைகூடக் கைக்கு எட்டவில்லை. ஆவணமின்மையும் அதிகாரத்தின் ஒரு வடிவம் என்பதை இது உணர்த்துகிறது.

மூன்றாவது, ஒப்புதல். மாத்திரையை விழுங்கிய 14 வயதுச் சிறுமிக்கும் தோகாவில் மருத்துவர் முன் அமர்ந்த 25 வயதுப் பெண்ணுக்கும் பொதுவானது ஒன்றுண்டு: தம் உடலில் நிகழ்வது யாது என்பது இருவருக்கும் சொல்லப்படவில்லை. ஒருத்திக்கு உயிர்ச்சத்து என்ற பொய். மற்றவருக்கு விளக்கமற்ற மௌனம்.

6. அரசு செய்யக்கூடியவை

அரசு பெண்ணுடலில் தலையிடுவது எப்போதும் கேடு என்று கொள்வதற்கில்லை. புதுக்கோட்டை மாவட்டமே அதற்கு மாற்றுச் சான்று. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின் பகுதியாக, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், ஊர்ப்புறப் பெண்கள் பல்லாயிரவர் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். வயற்கூலிகளும் கல்குவாரித் தொழிலாளர்களும் அதில் இருந்தனர். அரசு அங்கே பெண்ணின் உடலை அளக்கவில்லை. அது செல்லும் தொலைவைக் கூட்டியது. அப்போது சாந்தி பத்து, பதினொரு வயதுச் சிறுமி.

விளையாட்டுத் துறையிலும் மாற்றுச் சான்று உண்டு. 2014இல் ஒடிசாவின் துத்தி சந்த், டெஸ்டோஸ்டிரோன் அளவைக் காரணம் காட்டிக் காமன்வெல்த் போட்டி அணியிலிருந்து விலக்கப்பட்டார். அப்போது இந்திய விளையாட்டு ஆணையம் அவரது மேல்முறையீட்டுக்குத் துணைநின்றது. 2015 ஜூலையில் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் அவ்விதியை நிறுத்திவைத்தது. துத்தி 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடினார். எட்டாண்டுக்கு முன் இதே துணை சாந்திக்குக் கிட்டியிருப்பின் முடிவு வேறாகியிருக்கலாம். குறைந்த அளவு, தம் தரப்பை எடுத்துரைக்கும் களமாவது அவருக்கு வாய்த்திருக்கும்.

பெண்கள் பிரிவின் நியாயத்தைக் காக்கத்தானே இவ்விதிகள் என்னும் எதிர்வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. மாண்ட்ரியலில் மருந்துண்ட அணியிடம் தங்கங்களை இழந்து, ஐயத்தை வெளிப்படையாகக் கூறியதற்காகத் தம் நாட்டு ஊடகங்களாலேயே ஏளனம் செய்யப்பட்ட அமெரிக்காவின் ஷர்லி பாபஷாஃப், நியாயம் தவறியதால் இழப்புற்றவர். ஆயின் அவருக்குத் தேவைப்பட்டது மருந்தைக் கண்டறியும் சோதனை; பாலினச் சோதனையன்று. அன்றியும் எல்லைக்கோடு நிலையாக நின்றதில்லை. இயற்கை டெஸ்டோஸ்டிரோனுக்கு லிட்டருக்கு 10 நானோமோல் என 2011இலும், சில ஓட்டங்களுக்கு 5 என 2018இலும், எல்லாப் போட்டிகளுக்கும் 2.5 என 2023இலும் வரம்பு மாற்றப்பட்டது. 2025 செப்டம்பர் முதல் உலகத் தடகள அமைப்பு, ஒய் குரோமோசோமிலுள்ள எஸ்.ஆர்.ஒய். மரபணுச் சோதனையை எல்லா வீராங்கனைகளுக்கும் கட்டாயமாக்கியுள்ளது. 1990களில் கைவிடப்பட்ட அனைவருக்குமான சோதனை இவ்வாறு புதுவடிவில் திரும்பியுள்ளது. அதே ஆண்டு ஜூலையில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், தென்னாப்பிரிக்காவின் காஸ்டர் செமென்யாவுக்கு நியாயமான விசாரணை கிட்டவில்லை எனத் தீர்ப்பளித்ததும் இணைத்து எண்ணத்தக்கது. வரம்பு எதுவாயினும், அதனைச் செயற்படுத்தும் முறையில் அறம் வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

முடிவுரை

கிழக்கு ஜெர்மனி தன் சிறுமியரின் உடலை மாற்றிப் பதக்கம் பெற்றது. பன்னாட்டு அமைப்புகள் மாறாத உடலைக் குற்றமாக்கிப் பதக்கம் பறித்தன. இரண்டிலும் முடிவெடுத்தோர் மருத்துவரும் அலுவலரும். விலை கொடுத்தோர் வீராங்கனையர். பெண்கள் பிரிவைக் காக்கும் பெயரில் உருவான சோதனை, அப்பிரிவுக்கு நேர்ந்த மிகப்பெரும் மோசடியைத் தடுக்கவில்லை என்பது வரலாறு தரும் முதற் பாடம். முன்னறிவிப்பு, தாய்மொழியில் விளக்கம், எழுத்துமூலமான காரணம், மேல்முறையீட்டு வாய்ப்பு, மருத்துவ இரகசியக் காப்பு ஆகிய ஐந்தும் இன்றி எந்தப் பெண்ணும் களத்திலிருந்து அகற்றப்படலாகாது என்பது இரண்டாவது.

மரபணுச் சோதனை மீண்டும் கட்டாயமாகியுள்ள இன்று, இவ்வினா கடந்த காலத்தைச் சார்ந்ததாக இல்லை. தமிழ்நாட்டின் சிற்றூர்களிலிருந்து பன்னாட்டுக் களம் செல்லவிருக்கும் சிறுமியர் அச்சோதனையை எதிர்கொள்வர். அவர்களுக்குச் சட்ட உதவியும் மருத்துவ ஆலோசனையும் தமிழிலேயே கிடைக்க மாநில அரசும் பல்கலைக்கழகங்களும் இப்போதே ஏற்பாடு செய்தல் வேண்டும். ஜெர்மனி தன் தவற்றை ஏற்றுப் பொருளுதவி அளிக்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. தோகாவில் 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி முடிக்கப்பட்ட ஓட்டத்திற்கு உரிய ஏற்பு இன்னும் வரவில்லை.